செத்த போத்தல்

கடலைப் பார்க்க வேண்டுமானால் பதுளையிலிருந்து அரை நாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கம்பஸ் ஆய்வுகூடம் ஒன்றில், கேஷானி இரண்டு வருடமாகக் கடலடிச் சேற்றைக் கட்டி மாரடித்துக்கொண்டிருந்தாள். மகள் சேறு வளர்க்கிறாள் என்று சொல்ல பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அவள் அம்மாவுக்கு வெட்கம்.

அந்தச் சேற்றில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தன. சாப்பாடு மீத்தேன் வாயு. ஒட்சிசன் பட்டால் ஆகாது. ஒன்று மீத்தேனை உடைத்து, அதில் வரும் இலத்திரன்களைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடும். மற்றது அவற்றை வாங்கி, ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேற்றை வைத்து மூச்சுவிடும். பிரித்துவிட்டால் இரண்டுக்கும் பிழைப்பில்லை. அவசரமும் கிடையாது, ஒன்று இரண்டாகப் பெருக மாதக்கணக்காகும். கேஷானியின் ஒப்பந்தமோ டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் மீத்தேன் குறைந்ததைக் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் உண்டு என்று பேராசிரியர் ஹிஷாம் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு நவம்பரில் வந்து அளந்தாள். சேறும் மீத்தேனும் அடைத்து வைத்திருந்த ஆறு போத்தல்களிலும் மீத்தேன் நன்றாகவே குறைந்திருந்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் ஏழாவதை எடுத்தாள். அது செத்த போத்தல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உள்ளே இருந்த உயிரையெல்லாம் சூட்டில் கொன்று வைத்தது. அதிலும் அதே அளவு குறைந்திருந்தது.

செத்தது எப்படிச் சாப்பிடும்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போத்தல்களைக் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கம். அளக்க ஊசி குத்திக் குத்தி ஓட்டை விழுந்த றப்பர் மூடியை உள்ளிருக்கும் தண்ணீரே அடைத்துக்கொள்ளும், வாயு கசியாது. இன்று எல்லாம் நிமிர்ந்து நின்றன. அளப்பதற்காக ஹிஷாம் சேர் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்திருந்தாள். துப்புரவு வேலை செய்யும் விஜயலெட்சுமியிடம் கேட்டாள்.

“நாந்தான் மிஸ், நீங்க லீவு போட்ட அன்னைக்கே நிமுத்தி வச்சேன். வெறும் பானையத்தானே கவுப்போம்? நெறஞ்சத கவுத்து வச்சா ஆகாதுங்க. நீங்க வேற காய்ச்சல்ல கெடந்தீங்க.”

திட்ட வாய் வரவில்லை. அம்மாவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். ஏன் கவிழ்க்கிறோம் என்று இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லாத தன்மேல்தான் கேஷானிக்கு ஆத்திரம் வந்தது.

ஏழாவது போத்தலின் எண்ணை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதை விட்டுவிட்டால் இரண்டு வருட வேலை கையில். கைக்கு வந்ததை விட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் எழுந்து போய் ஹிஷாமின் கதவைத் தட்டினாள்.

“செத்த போத்தல்லயும் கொறஞ்சிருக்கு சேர். வாயு கசிஞ்சிருக்கு.”

மற்ற ஆறும் சாப்பிட்டனவா இல்லையா என்று கேட்டார். தெரியாது என்றாள். யார் நிமிர்த்தியது என்று கேட்டதற்கு, தான் சொல்லிவைக்காததால் நடந்தது என்றாள்; பெயர் சொல்லவில்லை. மறுபடி தொடங்கினால் அடுத்த ஜூனுக்கு முன் விடை வராது, ஒப்பந்தத்தை அதுவரை இழுக்க வழியில்லை என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது, கேஷானி.”

“ஆமாங்க சேர். அதுனாலதான் சொன்னேன்.”

அதற்குமேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.