பென்றோஸ் துரையின் இலையில் தயிர்

1

ஒரு சபையின் ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்கள். "நல்ல ஊழியர் ஒருவரைப் பற்றி இருக்கட்டும். அவருடைய உள்நோக்கம் வாசிக்கிறவர்களுக்குத் தெளிவாக விளங்கவேண்டும்" என்றார் மலர்க்குழுச் செயலாளர். சம்மதித்துவிட்டேன். உள்நோக்கம் தெளிவாக விளங்குகிற மனிதர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே ஒருவரை நானே உண்டாக்கினேன். பெயர் எலியேசர் நல்லரத்தினம். உபதேசியார். காலம் முப்பதுகள். இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வெளி. உண்டாக்கிய மறுநாளே அவர் ஒரு பொய் சொல்லிவிட்டார்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வாவியின் மீது காலைச் சூரியன் பொன்னை அள்ளி இறைக்க, தேவ மனிதர் நல்லரத்தினம் தோணியில் —"

தேவ மனிதருக்குத் தோணி ஆகாது. ஏறினால் குமட்டும். அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "நல்லரத்தினத்துக்குப் போதகராக வேண்டும் என்ற ஆசை இருந்தது."

இது உண்மை. உபதேசியார் என்றால் மழையில் நனைந்து வீடு வீடாகப் போகிறவர். போதகர் என்றால் வெள்ளை அங்கி போட்டு ஞானஸ்நானம் கொடுக்கிறவர். காலமெல்லாம் நனைந்தவருக்கு அங்கி மீது ஆசை வருவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். (செயலாளர் சொல்லுவார்.) அந்த அங்கியைக் கொடுக்கவேண்டியவர் பட்டணத்தில் இருந்த மிஷன் தலைவர் பென்றோஸ் துரை. துரையின் தமிழ் வேதப்புத்தகத்திலிருந்து நேரே இறங்கி வந்த தமிழ்.

"உம்முடைய ஜனங்கள் களவெட்டியிலே இன்னும் பூதத்துக்கு அஞ்சுகிறார்களோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதெல்லாம் ஒழிஞ்சு போச்சு, ஐயா" என்றார் நல்லரத்தினம், கண்ணிமைக்காமல்.

"நான் வந்து காண்பேன். கண்டபின்பு உம்மைப் போதகராக்குவதைக் குறித்துத் தீர்மானிப்பேன்."

3

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது. அடியில் போட்டால் எவரும் வாசிப்பதில்லை என்பதால் இங்கே. களவெட்டி என்பது சூடு மிதிக்கிற, அதாவது குவித்த நெற்கதிரை மாடு விட்டு மிதிக்கிற களம். என் கதையில் வருகிற வட்டையில், அதாவது வயல்வெளியில், களத்துக்குள் 'போதும்' என்று எவரும் சொல்லக்கூடாது. 'முடிந்தது' என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் பூதம் கேட்டுவிடும். இவர்களுக்குப் போதுமாம் என்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். நெல்லைக்கூடப் 'பொலி' என்றுதான் சொல்லவேண்டும். சாப்பாடு போதுமென்றால் இலைக்கு மேல் கையை விரிக்கவேண்டும். பூதத்துக்குக் காது உண்டு, கண் இல்லைபோலும்.]

களத்துக்காரர் வினாயகமூர்த்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெறுவதாக இருந்தவர். துரை வருகிறார் என்று கேட்டதும் உபதேசியாரை வரம்போரம் இழுத்துக்கொண்டு போனார்.

"உபதேசியார், நான் உங்கட வேதத்துக்கு வாறன். அதில பொய்யில்ல. ஆனா இது என்ட மச்சான்மாரும் சேர்ந்து செய்த வெள்ளாமை. துரைட வாயால அந்தச் சொல் வந்திச்செண்டா, பொலி ஒரு மரைக்கால் குறைஞ்சாலும் என்னத்தான் சொல்லுவானுகள். மறுகா நான் வேதக்கோயில் பக்கம் வர ஏலாது. நீங்களும் இந்த வட்டைக்குள்ள கால் வைக்க ஏலாது."

துரையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்றுதான் நல்லரத்தினம் முதலில் நினைத்தார். ஆனால் ஒழிந்துபோன வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

"நான் பாத்துக்கொள்றன்" என்றார்.

4

துரை வந்தார். தாமரை இலை போட்டு, புது அரிசியில் பொங்கிய புக்கையை வைத்து, அதன் தலையில் எருமைத் தயிரைக் கொட்டினார்கள். துரை இரண்டாம் அகப்பை வரை சந்தோஷமாக இருந்தார். மூன்றாவது வரும்போது நிமிர்ந்தார். உதடு குவிந்தது.

"ஜெபிப்போம்!" என்று கத்தினார் நல்லரத்தினம்.

துரை சட்டென்று கண்ணை மூடினார். எத்தனையோ வருடப் பழக்கம். நல்லரத்தினம் மழைக்கும் மாட்டுக்கும் மன்னருக்கும் நன்றி செலுத்தினார். ஆமென் சொல்லித் துரை கண்ணைத் திறந்தபோது இலையில் புதிதாக ஒரு மலை இருந்தது. வைத்ததை மிச்சம்விடப் பழகாத மனிதர். பெருமூச்சு விட்டுச் சாப்பிட்டார்.

மறுபடியும் உதடு குவிந்தது. இந்த முறை நல்லரத்தினம் பாட ஆரம்பித்தார். அவருக்குக் குரல் கிடையாது. களத்தோரம் கட்டியிருந்த எருமைகள் கயிற்றை இழுத்தன. துரை பக்தியோடு தலை குனிந்திருக்க, தயிர் மறுபடியும் விழுந்தது.

அதற்கடுத்த முறை நோயாளிகளுக்காக ஜெபம். ஊர் நோயாளிகள் தீர்ந்துபோய், அடுத்த ஊர் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டார். துரையின் நெற்றியில் வியர்வை அரும்பியது. இப்படியொரு ஜெபவீரனை அவர் தன் ஊழியத்தில் கண்டதில்லை.

5

இங்கே எழுத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். இந்த மனிதர் ஏன் கத்துகிறார்?

வினாயகமூர்த்தியைக் காப்பாற்றவா? அப்படி எழுதினால் மலர்க்குழு மகிழும். தன் பொய்யைக் காப்பாற்றவா? அப்படி எழுதினால் நான் மகிழ்வேன், ஏனென்றால் நான் கொஞ்சம் அற்பன். "அவருடைய உள்ளத்தின் ஆழத்தில் —" என்று தொடங்கிப் பார்த்தேன். ஆழத்தில் இறங்கினால், அங்கியும் வினாயகமூர்த்தியும் ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள். பிரித்தெடுக்க முடியவில்லை. மூன்றாவதாக இன்னொன்றும் அங்கே சுருண்டு கிடந்தது. கேட்டால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். நல்லரத்தினமும் வயல்காரர் பெற்ற பிள்ளைதான். களத்தில் அந்தச் சொல்லைக் கேட்க அவருக்கும் பயம். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது இங்கேதான்.

6

சட்டி மறுபடியும் நீண்டது. துரை வாயைத் திறந்தார். நல்லரத்தினமும் திறந்தார். தொண்டை கட்டிவிட்டிருந்தது, காற்றுத்தான் வந்தது. வினாயகமூர்த்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மச்சான்மார் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் துரையையே பார்த்தார்கள்.

துரை அந்த முகங்களைப் பார்த்தார். பக்கத்து இலைகளையும் அவற்றுக்கு மேல் விரிந்திருந்த கைகளையும் பார்த்தார். பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டு, சிவந்த பெரிய கைகள் இரண்டையும் தாமரை இலைக்கு மேல் மெல்ல விரித்தார்.

"பொலி!" என்றார் ஒரு மச்சான். "பொலி! பொலி!" என்றார்கள் எல்லாரும். வினாயகமூர்த்தி தயிர்ச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

7

திரும்பும்போது துரை தோணியில் மல்லாந்து சாய்ந்திருந்தார். நல்லரத்தினம் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, அவர்கள் எல்லாரும் இலையின்மேல் கைகளை விரித்தார்கள். ஒருவனாகிலும் வாய் திறந்து சொல்லவில்லை. நீரோ, பூதத்துக்கு அஞ்சுவது ஒழிந்தது என்றீர்."

அங்கி வாவியில் மிதந்து போவதை நல்லரத்தினம் கண்ணால் கண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, நான் உங்களிட்டப் பொய் —"

"ஜெபிப்போம்!" என்று கத்தினார் பென்றோஸ் துரை.

நல்லரத்தினம் சட்டென்று கண்ணை மூடினார். துரை மழைக்கும் மாட்டுக்கும் மன்னருக்கும் நன்றி செலுத்தினார், அதே வரிசையில். பிறகு அவர் குரல் தணிந்தது.

"கர்த்தாவே, இந்த ஜனங்களோடே பாடுபடுகிற உமது அடியான், .................. எலியேசர் நல்லரத்தினத்தை நினைத்தருளும்."

8

அந்தப் புள்ளிகள் இருக்கிற இடத்தில் துரை ஒரு சொல் சொன்னார். உபதேசியார் என்றாரா, போதகர் என்றாரா? தோணியில் இருந்த இருவருக்கும் தெரியும். துரை ஏன் அவர் வாயை அடைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இரக்கமா? பொய்யைக் காதால் கேட்டுவிட்டால் தண்டிக்கவேண்டி வருமே என்ற சோம்பலா? வயிறு நிறைந்தவரின் தாராளமா? ஒருவருடைய உள்நோக்கத்தைக் கேட்டு அனுப்பினார்கள், இப்போது என் கையில் விளங்காதவர்கள் இருவர். அந்தச் சொல்லை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எந்த நோக்கத்தில் நிரப்பினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

கைப்பிரதியைப் பார்த்துவிட்டுச் செயலாளர் கேட்டார், "கடைசியில 'முற்றும்' எண்டு போடல்லியே?"

எப்படிப் போடுவது? வினாயகமூர்த்தியின் பொலி இன்னும் களத்தில்தான் குவிந்து கிடக்கிறது. இதோ, தாளுக்கு மேல் கையை விரிக்கிறேன்.