தெரிந்துகொள்ளப் போனவள்

நிஸ்மியாவின் மகள் றுக்ஷானாவுக்கு மாதம் ஒரு தடவை யாரோ ஒருவருடைய இரத்தம் வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே தலசீமியா என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே சரியாக உண்டாக்கிக்கொள்ளாத வியாதி. இப்போது அவளுக்கு எட்டு வயது. பார்த்தால் ஐந்து என்றுதான் சொல்வார்கள். கன்ன எலும்பு தடித்து, மண்ணீரல் வீங்கி, வயிறு முன்னே தள்ளியிருந்தது. ஏற்றுகிற இரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்ற, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சின்னப் பம்ப் ஒன்றை மணிக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். மருந்து வராத மாதங்களில் அந்த இரும்பு உள்ளேயே தங்கியது. ஈரலில் சேர்ந்துகொண்டு வருகிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வீடு ஏறாவூரில். கணவன் றிஸான், நிஸ்மியாவின் மாமி மகன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கூலர் லொறியில் கொழும்புக்குப் போய் வருபவன். நோய் தரும் அந்தப் பழுது இருவருக்குள்ளும் பாதிப் பாதியாக இருந்தது. பாதி இருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாது. பாதியும் பாதியும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால்தான் வினை. இதெல்லாம் றுக்ஷானாவுக்கு நோய் வந்த பிறகு தெரிந்துகொண்டவை. அதற்குப் பின் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றுதான் இருந்தார்கள். இருந்தும் ஒரு கரு தங்கிவிட்டது.

நிஸ்மியா முதலில் சொன்னது மகளைப் பார்க்கும் டொக்டரிடம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலில ஒரு பங்கு, இதுக்கும் நோய் வரலாம். கருவில இருக்கிற நேரமே பாக்கலாம் நிஸ்மியா. நஞ்சுக்கொடியில ஒரு துணுக்கு எடுத்து, மரபணுவைப் பாத்துச் சொல்லுவாங்க. கொழும்பில செய்யிறாங்க."

"புள்ளைக்கு ஒண்டும் வராதா டொக்டர்?"

"ஊசி போறதால சில நேரம் கரு கலையும். நூறு பேரில ஒராளுக்கு எண்டு வையுங்க. இன்னொண்டும் இப்பவே சொல்லவேணும். நோய் எண்டு தெரிஞ்சாலும் இந்த நாட்டுச் சட்டத்தில கருவைக் கலைக்க ஏலாது. சில பேர் இந்தியாவுக்குப் போறாங்க. தெரிஞ்சு என்ன செய்யப்போறம் எண்டு ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டு வாங்க."

எழுந்து போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். நோய் இல்லாத பிள்ளையாக இருந்து, எலும்புக்குள் இருக்கும் மச்சையும் பொருந்தினால், அதில் கொஞ்சம் எடுத்து றுக்ஷானாவுக்கு வைத்து நோயை மாற்றலாம். பொருந்துமா என்பதைப் பிறந்த பிறகு பார்க்கலாம். அவர் அதைப் பெரிதாக அழுத்திச் சொல்லவில்லை. நிஸ்மியா வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

றிஸான் முற்றத்தில் லொறியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரால் மீன் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை குழாயை நிறுத்தவில்லை.

"சரி, பாக்கிற. நோய் எண்டு வந்தா?"

அவள் காலடிக்கு ஓடி வந்த தண்ணீரிலிருந்து விலகி நின்றாள்.

"சொல்லன். அங்கால என்ன செய்யிற? றுக்ஷானாவையும் அப்பவே பாத்திருந்தா என்ன செஞ்சிருப்பாய் நீ?"

நிஸ்மியா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். கேட்டிருக்காது.

"அவட வயித்தில ஒவ்வொரு நாளும் ஊசி குத்திறது நான், மச்சான். நீங்க இல்ல. குத்தாத இடம் தேடிக் குத்திறன். இன்னொண்டுக்கும் தேட எனக்கு ஏலா."

"அதுக்கு?"

"எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

றிஸானின் தாய், நபீஸா மாமி, குசினி வாசலில் நின்றபடியே சொன்னார்: "அல்லாஹ் தாறதப் பாரமெண்டு நினைக்காத மகள். ஊசியால கிளறப் போகாத."

றிஸான் அந்த வாரம் ஒரு மௌலவியைப் போய்ச் சந்தித்தான். அவர் நல்ல மனுசர். கருவுக்குள் ரூஹ், அதாவது உயிர், ஊதப்படுவதற்கு முன்னர், பெரும் நோய் என்றால் கலைக்க இடமுண்டு என்று சொல்கிற உலமாக்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினாராம். றிஸான் வீட்டில் வந்து சொன்னது ஒரு வரிதான்.

"பாக்கிறதுக்குத் தடை இல்லையாம். நீ போறதெண்டா போ."

கூடப் போக மாட்டேன் என்று அவன் வாயால் சொல்லவில்லை. போகிற நாள் அவனுக்கு லோட் இருந்தது. நிஸ்மியாவின் மூத்த சகோதரி ஸாதியா ராத்தாதான் காலை ரெயிலில் கூடப் போனாள்.

கொழும்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்ப வேண்டாம் என்று நிஸ்மியா சொல்ல நினைத்தாள். சிங்களம் வாய்க்கு வரவில்லை. திரையில் பிள்ளை கையை ஒருமுறை மடக்கி நீட்டியது. கரண்டி போலச் சின்னக் கை. பிறகு ஊசி இறங்கியது. நீளமான ஊசி. நோவை விட, உள்ளே இழுபட்டதுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளை இன்னும் அசைகிறது என்று டொக்டர் திரையில் காட்டினார். இரத்தக் கறை கண்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். முடிவு வந்ததும் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே நோ வந்தது. நிஸ்மியா அப்போது மகளுக்கு ஊசி குத்தி, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் ஏதோ கழன்று இறங்கினாற்போல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டரை ஒட்டி முடித்தாள். பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தாள். அதன் பிறகுதான், "மாமி, ஒருக்கா வாங்க" என்று கூப்பிட்டாள்.

ஓட்டோவில் மாமிதான் அவளைப் பிடித்துக்கொண்டு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று மாலைக்குள் கரு கலைந்து எல்லாம் முடிந்துவிட்டது.

மாமி கோபப்படுவார் என்று நிஸ்மியா எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை. மிளகும் இஞ்சியும் உள்ளியும் அரைத்துப் பத்தியக் கறி சமைத்துக் கொடுத்தார். துணிகளைத் தானே அலசினார். றுக்ஷானாவின் வயிற்றில் ஊசி குத்தக்கூடப் பழகிக்கொண்டார். ஏசியிருந்தால் நிஸ்மியாவும் திருப்பி ஏசியிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. றிஸான் கொழும்பிலிருந்து வந்து, ஐஸ் வாடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நோவுதா?" என்று மட்டும் கேட்டான். அவள் இல்லை என்றாள்.

முடிவு வந்தபோது நிஸ்மியா தலசீமியா வார்டில் இருந்தாள். றுக்ஷானாவின் கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெண், சிங்களப் பேச்சு கலந்த தமிழில் பேசினாள்.

"நிஸ்மியாதானே? ரிசல்ட் வந்திருக்கு. நல்ல செய்தி சொல்லத்தான் எடுத்தேன். பேபிக்கு நோய் இல்ல. உங்கள மாதிரி, சும்மா பாதி மட்டும். ஒரு பயமும் வேணாம், ஹரித, சரியா?"

நிஸ்மியா வார்டின் சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண் சந்தோசமாக இருப்பது குரலில் தெரிந்தது. ஒரு நாளில் எத்தனை பேருக்குக் கெட்ட செய்தி சொல்கிறாளோ.

"ஓம்" என்றாள் நிஸ்மியா.

"நல்லா சாப்பிடுங்க. பாரம் தூக்க வேணாம்."

"ஓம்."

"கிளினிக் தவறாமப் போங்க."

"ஓம். ஸ்துதி மிஸ்" என்று சிங்களத்தில் நன்றி சொன்னாள் நிஸ்மியா.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அழ முடியவில்லை. நோய் என்று வந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு பிள்ளைக்கு நோய் இருந்திருக்கலாம் என்று ஆசைப்படுகிறோமே என்று அடுத்த கணமே உடம்பு கூசியது. நஞ்சுக்கொடியின் துணுக்கு அங்கே கொழும்பில் ஒரு குளிர்ப்பெட்டியில் இருந்துகொண்டு பேசுகிறது, பிள்ளை இங்கே இல்லை. மச்சை பொருந்தியிருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது.

அன்று றிஸான் லொறியில் அவர்களைக் கூட்டிப்போக வந்தான். றுக்ஷானா நடுவில் இருந்து தாயின் மடியில் சரிந்து தூங்கிவிட்டாள். புது இரத்தம் ஏறிய நாளில் அவள் உதடு சிவந்திருக்கும். வாவிக் காற்று வண்டிக்குள் அடித்தது. நிஸ்மியா வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கொழும்பால எடுத்தாங்க. நோய் இல்லியாம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "ஆருக்கு?"

"நம்மட புள்ளைக்கு."

றிஸான் லொறியை வீதியோரமாக ஒதுக்கி நிறுத்தினான். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் அப்பவே கேட்டேன் அல்லவா என்று சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"ஆம்புளப் புள்ளையா?"

"கேக்கல்ல."

அவன் தலையை ஆட்டினான். மகள் உறங்குகிறாளா என்று பார்த்தான். பிறகு லொறியை எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. றிஸான் முன்கூடத்தில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினான். "இன்னொண்டுக்கு வழி வைக்க ஏலா நிஸ்மியா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

அதே வார்டுக்குக் கிரானிலிருந்து நிருஷா என்ற பெண் வருவாள். அவளுடைய மூன்று வயது மகளுக்கும் இதே வியாதி. அவளும் மச்சானைத்தான் கட்டியிருந்தாள். கணவன் நிதுர்ஷன் வயல் வட்டையில் வேளாண்மை செய்பவன். வெட்டுக் காலத்தில் வர மாட்டான். இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரமெல்லாம் இரு தாய்மாரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பேசிப் பேசியே பழகியவர்கள். ஒரு நாள் நிருஷா கதிரையை நெருக்கிப் போட்டாள்.

"அக்கா, எனக்கும் தங்கிட்டு. டொக்டர் கொழும்புக்குப் போய்ப் பாக்கச் சொல்லுறா. வீட்டுக்காரர் என்ர விருப்பம் எண்டுட்டார். நீங்க போனீங்கதானே?"

நிஸ்மியா நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, திரையில் மடங்கிய கை, பிளாஸ்டர், தொலைபேசியில் பேசிய பெண். ஒன்றையும் மறைக்கவில்லை. யாரிடமும் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது. நிருஷாவின் முகம் வெளிறிக்கொண்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"நோய் இல்லாத பிள்ளையா அக்கா?"

"ஓம்."

"இன்னொருக்கா எண்டா போவீங்களா?"

நூறில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும் என்று டொக்டர் சொன்னது நிஸ்மியாவுக்கு நினைவிருந்தது. மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் முடிவைக் கேட்டுவிட்டு வயிற்றோடு வீடு போயிருப்பார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"போக மாட்டன்."

நிருஷா போகவில்லை. பையன் பிறந்தான். கொழுகொழு என்று இருந்த பிள்ளையின் படத்தை அவள் தொலைபேசியில் காட்டியபோது நிஸ்மியா நன்றாக இருக்கிறான் என்று சொன்னாள். உள்ளே எரிந்தது. வீட்டுக்கு வந்து, எரிந்ததற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள். பிறந்த உடனே இந்த நோய் தெரியாது, சில மாதங்கள் போக வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

அந்த மாதங்களும் போயின. ஒரு நாள் நிஸ்மியா வார்டுக்குள் நுழைந்தபோது நிருஷா இரண்டு பிள்ளைகளோடும் உட்கார்ந்திருந்தாள். மகளின் கையில் ஊசி ஏற்கெனவே ஏறியிருந்தது. மடியில் கிடந்த பையன் பச்சை மஞ்சள் போல வெளிறிப்போய், பால்கூடக் குடிக்க விருப்பமில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். நிஸ்மியா கதவடியிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. றுக்ஷானா அவள் கையை இழுத்தாள்.

"நிருஷா..."

"வாங்க அக்கா. இரிங்க."

நிஸ்மியா உட்காரவில்லை. "நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அப்ப..."

நிருஷா பையனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தூக்கம் இல்லாத கண்கள்.

"நீங்க அப்பிடிச் சொன்னதாலதான் அக்கா இவன் இருக்கான்."

அது குற்றச்சாட்டா, நன்றியா என்று நிஸ்மியாவுக்குத் தெரியவில்லை. நிருஷாவுக்கும் தெரிந்திருக்காது. அவள் மறுபடியும் வாய் திறக்கும் முன் தாதி தட்டோடு வந்துவிட்டாள்.

பையனின் கை சின்னது. தாதி நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்தினாள். பையன் வீறிட்டான். நிருஷாவின் பிடி வழுகியது. "அம்மா, நல்லா அமத்திப் பிடிங்க, இப்பிடிப் பிடிச்சா ஏத்த ஏலா" என்றாள் தாதி. நிருஷா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

நிஸ்மியா மகளைக் கதிரையில் இருத்திவிட்டுக் குனிந்தாள். பையனின் முழங்கையைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கி, மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப குத்துங்க மிஸ்" என்றாள்.