நேரில் பார்த்தவர்கள்

மீன் காட்சியகத்தின் ஒன்பதாம் தொட்டியில் மணல் இருந்தது. மணலுக்குள் பாம்பு விலாங்கு இருந்தது என்பது பராமரிப்பாளரின் கட்சி. வாலால் துளைத்துக்கொண்டு உள்ளே போன ஜீவன் பதினோரு மாதமாக மூக்கைக்கூட வெளியே காட்டவில்லை. இடுக்கியால் அவர் மணலில் செருகும் இறால் மட்டும் மறுநாள் இருக்காது.

ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'நேரில் பார்த்தீர்களா?' என்றொரு கட்டம் உண்டு. மற்ற பராமரிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போட்டுவிடுவார்கள். இவர் 'இல்லை' என்று எழுதித் தொலைத்தார்.

"பாத்தேன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"பாக்கலையே."

நேரில் பார்க்காத ஜீவன் இல்லாத ஜீவன் என்பது விதி. மேனேஜர் பதிவேட்டில் விலாங்கை அடித்துவிட்டார். திங்கட்கிழமை மணலை வாரிக் கொட்டிவிட்டு நீலக் கூழாங்கல் போடுவதாக முடிவாயிற்று.

"முன்னாடி கையால தேடி எடுத்துடட்டுமா சார்?"

"இல்லாததைத் தேட எப்படிங்க அனுமதி குடுக்கறது?"

மண்வெட்டி பதிவேடு பார்த்து வெட்டுவதில்லை.

அதுவரை தொட்டி வெறிச்சென்று இருக்க வேண்டாமென்று ஆறு மஞ்சள் மீன்களை விட்டார்கள். புதனன்று ஐந்து இருந்தன. வெள்ளியன்று மூன்று. திங்கள் காலை ஒன்றே ஒன்று, மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் படிவமும் பேனாவுமாக வந்து நின்றார். சுவரில் மண்வெட்டி சாத்தியிருந்தது.

"மீனெல்லாம் எங்க போச்சு?"

"நேர்ல பாக்கல சார்."

மேனேஜர் முறைத்த முறைப்பில் பேனா மூடி கழன்று தொட்டிக்கடியில் உருண்டது. பராமரிப்பாளர் குனிந்து கையை விட்டுத் துழாவினார்.

மேலே "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

அவர் மூடியோடு நிமிர்ந்தபோது மீன் இல்லை. கலங்கிய மணல் மெதுவாகப் படிந்துகொண்டிருந்தது. மேனேஜர் பேயறைந்தவராக நின்றார்.

"என்னா வாயி! பாத்தீங்களா? பாத்தீங்கல்ல?"

பராமரிப்பாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு மாதம்!

மேனேஜர் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடித்ததைத் திரும்பச் சேர்க்க, நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். படிவத்தை நீட்டினார். பராமரிப்பாளர் மண்வெட்டியை ஒரு முறை பார்த்தார்.

"பாத்தேன் சார்," என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டில் மனைவியிடம், "இன்னிக்கு வெளிய வந்துச்சு," என்றார்.

"அப்படியா! எப்படி இருந்துச்சு?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"மேனேஜரைத்தான் கேக்கணும்."