ஒரு பெசோவுக்கு வாங்காத ஷூ

1

இந்தக் கதை ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது. ஷூவுக்குப் பேர்போன மரிக்கினா நகரில், ஆற்றைப் பார்க்கப் போகும் தெருவில் ஒரு ஷூக் கடை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லித் தள்ளுபடி தருவார்கள். இரண்டுமே எனக்கு ஆகாது.

எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். போகிற போக்கில் நானே உளறிவிடுவேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நற்கருணை வாங்க வரிசையில் போய்க்கொண்டிருந்த நெனிட்டாவின் வலது ஷூ, பாதிரியாருக்கு மிக அருகில் வாயைப் பிளந்தது. சோல் ஒரு பக்கம் நின்றுவிட, நெனிட்டா மறுபக்கம்

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரித்த பிறகு அந்த மாமியார் நெனிட்டாவை மதிக்க மாட்டீர்கள். அதனால் பாதியில் விட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

விற்ற சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் எழுதி மாட்டுவதை இந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொருளில் குறை இருந்தால் சரிசெய்து தர வேண்டும், மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது என்பது மட்டும் குறையில் சேராது. ஆகவே

ஆகவே நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். தெரியும். இருந்தாலும் இந்த இரண்டாவது தொடக்கத்தை அழிக்காமல் வைக்கிறேன். சட்டம் தெரியாமல் இந்தக் கதை புரியாது. அதுவும் அந்தக் கடைசி விதி.*

* நான் அன்றைக்கு வரிசையில் நின்றதே பழுப்பு ஷூவைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு வாங்குவதற்காக. மனம் மாறிய கேஸ். எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

3

மூன்றாவது தொடக்கம் நெனிட்டாவின் பிறந்தநாள். இதுதான் நின்றது.

இங்கே யாரும் யாருக்கும் லேசில் ஷூ பரிசு கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்த உறவு அறுந்து, இருவரில் ஒருவர் நடந்து போய்விடுவார் என்று பயம். அப்படியும் கொடுக்க ஆசைப்பட்டால் அதற்கு வழி உண்டு. வாங்கிக்கொள்கிறவர் உடனே ஒரு பெசோ நாணயத்தைக் கொடுத்தவர் கையில் வைத்துவிட வேண்டும். அப்போது அது பரிசு இல்லை, வியாபாரம். யாரும் எங்கும் போக மாட்டார்கள்.

மருமகள் மரிவிக் பெட்டியைத் திறந்து காட்டினாள். கறுப்புத் தோல் ஷூ, பக்கத்தில் சின்னதாக ஒரு கொக்கி.

"போட்டுப் பாருங்க நனாய்," என்றாள். நனாய் என்றால் அம்மா. மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினாள். "ஒரு பெசோ எடுங்க, எடுங்க!"

"சில்லறை இல்லை," என்றாள் நெனிட்டா.

நெனிட்டா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். அவள் நடந்தால் ஏப்ரன் பையில் சில்லறை குலுங்கும். அன்றைக்கும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நீட்டிய கையை மரிவிக் மெல்ல மடக்கிக்கொண்டாள். "பரவால்ல, அப்புறம் குடுங்க," என்றாள். அப்புறம் வரவே இல்லை.

(இந்த இடத்தில் எனக்கு நெனிட்டா மேல் கோபம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். ஒரு நாணயம் கொடுத்தால் குறைந்தா போவாள்? பிறகு அவள் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். மகன் ஆர்னெல் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். மருமகள் சோற்றைக் குழைய விடுகிறாள், குளிக்கும்போது ஊர் கேட்கப் பாடுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கரை கண்டதும் ஆர்னெல் முதல் போன் போடுவது அவளுக்கு. அம்மாவுக்கு இரண்டாவதுதான். இதற்கெல்லாம் சட்டத்தில் நிவாரணம் கிடையாது. நெனிட்டாவுக்குக் கிடைத்த ஒரே வழி, அந்த நாணயத்தைக் கொடுக்காமல் இருப்பது. போகட்டும், இவள் வீட்டை விட்டே நடந்து போகட்டும் என்று மனதார நினைத்தாள். பொல்லாத கிழவி. ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது.)

4

நெனிட்டாவின் மனம் எப்போது மாறியது?

இதற்கு ஒரு காட்சி வைத்தே ஆக வேண்டும் என்று நானும் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். காய்ச்சலில் கிடந்தவளை மருமகள் ராத்திரி பகலாகக் கவனித்துக்கொண்டாள் என்று ஒன்று எழுதி, வெட்கப்பட்டுக் கிழித்தேன். வெள்ளம் வந்தது என்று ஒன்று எழுதினேன். ஆறு பெருகி அடிக்கடி அவதிப்படும் மரிக்கினாக்காரர்களுக்கு வெள்ளத்தைக் கதையில் வைத்தால் கோபம் வரும், அதையும் எடுத்துவிட்டேன்.

உண்மையில் இப்படித்தான் நடந்திருக்கும். ஒருநாள் மரிவிக் தோழி வீட்டில் தங்கிவிட்டாள். குளியலறையில் பாட்டுச் சத்தம் இல்லை. நெனிட்டா பொரித்த கருவாட்டைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவுதான். தன் மனம் மாறியது அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

மரிவிக் தன் பிறந்த ஊரான இலோய்லோ பேச்சை எடுத்த அன்று தெரிந்தது.

"அம்மா கூப்பிடறாங்க நனாய். ஆர்னெல் வர்ற வரைக்கும் அங்க போய் இருக்கலாமான்னு பாக்கறேன்."

"போயேன். உன் அம்மா வீடுதானே," என்றாள் நெனிட்டா. சொன்னதும் அவள் கை தானாக ஏப்ரன் பைக்குள் போனது. நாணயம்! கொடுக்காத அந்த நாணயம் வேலையைக் காட்டிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிறுதான் கோயிலில் சோல் பிய்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெனிட்டாவுக்கு வெட்கம் வரவில்லை, ஆனந்தம்தான் வந்தது. குறையுள்ள பொருள்! திருப்பிக் கொடுக்கலாம்! ஷூ கடைக்குத் திரும்பிப் போய், காசு மரிவிக்கிடம் திரும்பிப் போய்விட்டால், அந்தப் பரிசே நடக்காததாகிவிடும். பரிசே இல்லை என்றால் நடந்து போவது எப்படி?

அவளுடைய இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கலாம். நான் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

5

இனி வருவது பெரும்பாலும் நான் காதால் கேட்டது.

கல்லாவுக்குப் பின்னால் கடை மேனேஜர் டின்டோ. நல்ல பையன் முகம். தலைக்கு மேல், திருப்பி எடுக்க மாட்டோம் என்ற அதே போர்டு.

"போர்டைப் பாருங்க மேம்."

"நீ ஷூவைப் பாரு," என்று பிய்ந்ததைக் கல்லாமேல் வைத்தாள் நெனிட்டா. "இந்தப் போர்டை மாட்டறதே தப்பு, தெரியுமா? நான் அழுகின கத்தரிக்காயை வித்துட்டு இப்படி ஒரு போர்டு மாட்டினா, அந்தக் கத்தரிக்காய் நேரா என் மூஞ்சிக்குத்தான் வரும்."

வரிசை சிரித்தது. டின்டோவும் சிரித்துவிட்டான். ஷூவை வளைத்துப் பார்த்தான். "பசை சரியில்லதான் மேம். அதே சைஸ்ல புதுசா ஒரு ஜோடி தர்றேன். சரியா?"

"வேணாம். பணமாக் குடு."

"மாத்திக்கலாமே நனாய்," என்றாள் மரிவிக். "உங்க காலுக்கு நல்லாத்தானே இருந்துச்சு."

"பணம்தான் வேணும். வாங்கி நீ வச்சுக்கோ."

மரிவிக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வாங்கிக் குடுத்தது அவ்ளோ ஆகாமப் போச்சா?"

நெனிட்டா பிய்ந்த ஷூவைக் கல்லாமேல் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். [அவளுக்காக நான் எழுதி அடித்தவை: "அப்படி இல்லடி." "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." "நீ போகக் கூடாதுன்னுதான்டி." மூன்றாவதுதான் உண்மை. அதைச் சொல்வதென்றால் நாணயம் கொடுக்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அடித்தேன்.]

டின்டோ இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டான். "பணம்னா வாங்குனவங்க கேக்கணும் மேம். பரிசா வந்ததுக்கு நீங்க கேட்டா எப்படி? இதை வாங்குனது யாரு?"

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்துவிட்டது. நான்தான் வாங்கினேன், மாற்றிக் கொடுங்கள் என்று மரிவிக் சொன்னால் போதும். அவள் கேட்டது கிடைத்துவிடும். பரிசை வேண்டாம் என்ற கிழவி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மரிவிக் டின்டோவைப் பார்த்துச் சொன்னாள்:

"அவங்கதான் வாங்குனாங்க. எங்கிட்ட ஒரு பெசோ குடுத்து."

"அட, அப்ப சரிதானே!" என்றது வரிசையில் ஒரு குரல். "பெசோ குடுத்தா விலைக்கு வாங்குனதுதான்!"

"ஒரு பெசோவுக்கு வாங்குனா ஒரு பெசோதான் திருப்பித் தருவேன்," என்றான் டின்டோ. எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா சொன்னேன் மேம். முழுசாத் தர்றேன். பணமா, புது ஜோடியா? நீங்க சொல்றதுதான்."

நெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் இறங்கியதை நான் பார்த்தேன். உங்களுக்கு நான் இதுவரை சொன்ன பிறந்தநாள், குலுங்கிய ஏப்ரன், தனியாக உட்கார்ந்து உண்ணாமல் வைத்த கருவாடு எல்லாவற்றையும் அந்த முகத்திலிருந்துதான் எடுத்தேன்.

6

முடிவுகள்.

(அ) பணத்தை வாங்குகிறாள். சாபம் கழிகிறது. மரிவிக் மனம் கசந்து இலோய்லோவுக்குக் கப்பல் ஏறுகிறாள். கதாசிரியர்களுக்குப் பிடித்த முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) புது ஜோடியை எடுத்துக்கொண்டு, ஏப்ரனில் கைவிட்டு ஒரு நாணயத்தை மருமகள் கையில் அழுத்துகிறாள். இருவரும் அழுகிறார்கள். சினிமாவுக்கு ஆகும்.

(இ) "நான் குடுக்கவே இல்லை, இவ பொய் சொல்றா," என்று எல்லோர் முன்னாலும் கத்துகிறாள். நெனிட்டா செய்யக்கூடியவள்தான். ஆனால் மரிவிக்கைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுத் தான் நல்லவள் ஆவது என்ன நியாயம்?

மூன்றும் இல்லை. நெனிட்டா கேட்ட பணமும் புது ஜோடியும் கல்லாவில் தயாராக இருந்தன, அவள் இரண்டையும் தொடவில்லை. அவளுக்கு வேறொன்று அப்போதுதான் விளங்கியது. கொடுக்காத பெசோவை மறக்காமல் இப்படிச் சொன்ன மருமகளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டபோதே, இவள் தன்னைப் போகச் சொல்கிறாள் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் காலை எழுந்து சோறு குழைத்திருக்கிறாள், பாடியிருக்கிறாள், இத்தனை மாதம் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

நெனிட்டா மருமகள் பக்கம் திரும்பினாள். இது நான் காதால் கேட்டது:

"தெரிஞ்சும் ஏன்டி இருந்தே?"

மரிவிக் வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பக்கத்துக் கல்லாவில் என்னைக் கூப்பிட்டார்கள். "சார், உங்க ஷூவில என்ன குறை?" குறை ஒன்றும் இல்லை, மனம் மாறிவிட்டது என்று நான் விளக்கி, அவர்கள் முடியாது என்று சொல்லி, நான் திரும்புவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். பிய்ந்த ஷூ கல்லாமேல் இருந்ததா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

நெனிட்டாவுக்காக எவ்வளவோ இட்டுக்கட்டினேன். என் பிடிவாதமும் அவள் பிடிவாதமும் ஒரே ரகம், அதனால் எனக்கு அது கஷ்டமாக இல்லை. மரிவிக்கின் பதிலை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. பல தடவை உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் நான் கேட்க விரும்பும் பதிலாக இருந்தது.

அந்த வரியை உங்களுக்கு விடுகிறேன். அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு எழுதுங்கள்.