திருப்பிப் போட்ட ஸ்ப்ரோக்கெட்

லோரிக்காரன் பிரேக் அடித்த சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். புக்கிட் பெலண்டோக் தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர். வேலை முடிந்து நீலாய் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது, செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரிக்கு முன்னால் செயின் கழன்று பின்சக்கரம் ஒரு நொடி இறுகி நின்றது. நான் விழுந்த இடத்துக்கும் லோரி டயருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான்.

இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் காலையில் போகும்போது கழன்றது. இரண்டு நாளும் வேலைக்குத் தாமதம், இரண்டு எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் சுகுமாறன் செயினை ஸ்ப்ரோக்கெட் பல்சக்கரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்.

"செயின் புதுசு, ஸ்ப்ரோக்கெட்டும் புதுசுலா. ஒனக்கு கியர் போடத் தெரியல, திலகா. பேசாம வேலைய விட்டுட்டு வீட்டுல இரு."

நானும் நம்பினேன். அதுதான் வயிற்றெரிச்சல். தொழிற்சாலையில் கன்வேயர் லைனில் எனக்கு வேலையே செயினையும் பல்லையும் பார்ப்பதுதான். எது தேய்ந்துவிட்டது, எது இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று என்னைக் கேட்டுத்தான் சூப்பர்வைசரே கையெழுத்துப் போடுகிறார். அப்படிப்பட்டவள் வாசலில் நிற்கும் மோட்டாரை மட்டும் ஆம்பளைச் சமாச்சாரம் என்று விட்டுவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று அவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். என் கப்சாய் மோட்டாரில் செயினை முழுக்க மூடிய தகர உறை இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும். கழற்றினேன். செயினை மறுபடி ஏற்றி, பின் ஸ்ப்ரோக்கெட்டின் பின்பக்க விளிம்பில் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தால் அசையாது. இது எழும்பி வந்தது, கீழே பாதிப் பல் தெரிந்தது. செயின் தீபாவளிக்குத்தான் அவர் மாற்றியது, பார்த்தாலே புதுசு. அப்படியென்றால் கோளாறு பல்லில்.

பல்லில் செயின் அழுத்துகிற பக்கம்தான் தேயும். இந்தப் பற்களோ இரண்டு பக்கமும் தேய்ந்து முள்ளாக நின்றன. சக்கரத்தை இறக்கி ஸ்ப்ரோக்கெட்டைப் பிரித்தேன். வெளியே தெரியும்படி பொறித்திருக்கும் பல் எண்ணிக்கை உள்பக்கம் இருந்தது. தேய்ந்த பழசையே திருப்பிப் போட்டு, உறையை மூடி, புதுசு என்று சொல்லியிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

அவர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். சாயங்காலம் தன் மோட்டாரில் வந்து இறங்கியவர், முழங்கையில் ரத்தத்தோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னாச்சு?" என்று ஓடிவந்தார். ஸ்ப்ரோக்கெட்டை அவர் காலடியில் எறிந்தேன்.

"இதான் புதுசா?"

குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.

"பெரட்டிப் போட்டா கொஞ்ச நாள் ஓடும்லா. எல்லாரும் செய்றதுதான்."

"தோட்டத்துக்குள்ள அஞ்சு நிமிசம் ஓட்டுறவன் செய்வான். நான் பெரிய ரோட்டுல போறவ. மொத தடவ கழண்டப்பவே ஒங்களுக்குத் தெரியும்தானே?"

ஸ்ப்ரோக்கெட்டைப் பொறுக்கி மண்ணைத் தட்டினார்.

"வாயத் தொறங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." ஸ்ப்ரோக்கெட்டைக் கீழே வைத்தபடி, "ரெண்டு மூணு தடவ கழண்டா நீயே சலிச்சுப் போயி வேலைய விட்டுருவன்னு நெனைச்சேன்," என்றார்.

கஞ்சத்தனம் என்றிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இதைக் கேட்டதும் எழுந்து நின்றேன்.

"அந்த லோரிக்காரன் பிரேக் அடிக்கலன்னா வேல தானாவே நின்னிருக்கும்லா! வந்து என்னைப் பொறுக்கிட்டுப் போயிருப்பீங்க!"

அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, அவர் மோட்டாரிலேயே லுக்குட் டவுனுக்குப் போனேன். கடை மூடுவதற்குள் செயின், முன் ஸ்ப்ரோக்கெட், பின் ஸ்ப்ரோக்கெட் மூன்றையும் வாங்கிவந்தேன். மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழசு புதுசைத் தின்றுவிடும். பின்சக்கர நட்டை இறுக்கும்போது அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நான் புடிக்கிறேன்."

"தொடாதீங்க."

செயின் விரல் தடிமனுக்கு ஆடும்படி விட்டு இறுக்கினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

மறுநாள் விடியற்காலை நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து நின்றார். "பாத்துப் போ," என்றார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் சொல்கிற வார்த்தை. செயின் முதல் தடவை கழன்ற பிறகும், எல்லாம் தெரிந்துகொண்டே, ஒரு நாள் விடாமல் சொல்லியிருக்கிறார்.

"இனிமே அத சொல்லாதீங்க," என்றேன். கியரைப் போட்டுக் கிளம்பினேன்.