வீட்டார் பொறுப்பல்லர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் அறிக்கையில் எங்கள் வீட்டை ‘ஆபத்துக் கூடிய வீடு’ என்று குறித்திருந்தது. எங்கள் மீனவர் ஊரான குருநகரில் எங்கள் குடும்பத்தை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே அது வசையாகிவிட்டது. ஆகவே கதையாக எழுதுகிறேன். இது என் தம்பி லியோனின் கதை. நான் அவனுக்கு மூத்தவன். எல்லாம் நடந்தபோது மேசையின் மூலையில் இருந்தவன்.

முதல் தொடக்கம்: ‘லியோன் கடலைப் பார்த்தபடி...’ வேண்டாம். மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘சென்ற ஆண்டு முழங்கால் தண்ணீரில் வலை பிடித்துக்கொண்டு நின்ற ஹன்னா என்ற மாணவியின் காலில் திருக்கை முள் ஏறியது. லியோன் அவளைத் தூக்கித் தன் காரில்...’

(கார் இல்லை. மீன் ஏற்றும் வான் வண்டி. வீட்டுக்கு வந்த பிள்ளையை மீன் வானில் கொண்டுபோனோம் என்று எழுதக் கை கூசியது. ஆனால் அறிக்கையிலேயே அது இருக்கிறது. போகட்டும், வான் என்றே இருக்கட்டும்.)

2

அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து எங்கள் கரையில் மீனவர் வீடுகளில் தங்கிப் படிப்பார்கள். இங்கே அதற்கான ஒழுங்குகளைச் செய்வது லியோனின் மகள் லவீனா. அதுதான் அவளுடைய வேலை.

ஹன்னா ஆஸ்பத்திரியில் சுகமானாள். ஊருக்குப் போகும்போது லியோனின் மனைவி லூர்த்தம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் போனாள். ஆனால் பல்கலைக்கழகத்தின் விதி வேறு. ஆபத்தென்றால் முதலில் அவர்களுடைய அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்; பிறகு அவர்கள் சொல்லும் வாகனத்தில் ஏற்ற வேண்டும். லியோன் இரண்டையும் செய்யவில்லை.

அதனால் இந்த ஆண்டு அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து பிரசாந்தி வந்தாள். தாய் இந்தப் பக்கத்து உடுவில்காரி என்பதால் தமிழ் நன்றாக வந்தது. மேசையில் தமிழில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தை வைத்தாள். அதில் ஒரு வரி: ‘மாணவருக்கு நேரும் எந்தத் தீங்குக்கும் வீட்டார் பொறுப்பல்லர்.’

வரி லியோனின் நன்மைக்குத்தான். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டாலும் அவனுடைய வீட்டிலும் படகிலும் கைவைக்க முடியாது. கையெழுத்து இல்லையென்றால் இனிக் குருநகர் வீடுகளுக்கு மாணவர் வரமாட்டார்கள். அடுத்த மாதம் லியோன் வீட்டுக்கு வரவிருக்கும் மாணவியும் ஹோட்டலுக்குப் போவாள். லவீனாவின் வேலையும் போகும்.

லியோன் வாசித்தான். தாளைத் திருப்பித் தள்ளினான்.

“என்ரை வீட்டில சாப்பிட்டுப் படுக்கிற பிள்ளைக்கு நான் பொறுப்பில்லையெண்டால், நான் ஆர்? லொட்ஜ்காரனோ?”

“அப்பா, அது உங்களைக் காப்பாத்திற வரி,” என்றாள் லவீனா.

“காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனானோ?”

லூர்த்தம்மா பிரசாந்திக்கு முன்னால் தேநீரை வைத்தாள். “இவருக்கு ஒரு நன்மை செய்யிறதெண்டாலும் முதல்ல மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் செய்யவேணும், பிள்ளை.”

(தம்பியைக் கொஞ்சம் பணிவாக எழுதலாமா என்று யோசித்தேன். எழுதமாட்டேன். அவனுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.)

3

இங்கே கதை நின்றுவிட்டது. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்ததால் யாரும் அசையவில்லை. உண்மைக் காரணம் வேறு. ஒரு வரியை நான் வெட்டியிருந்தேன்:

[வானில் போகும்போது லியோன் அந்தப் பிள்ளைக்கு ஒரு குளிசை கொடு...]

இது அவர்களுடைய அறிக்கையில் இல்லை. குடும்பத்துக்குள்ளேயே கிடந்திருக்கலாம். ஆனால் லியோனே வாய் திறந்து சொன்னதை மறைக்க நான் யார்?

அந்த இலக்கம் ஏன் வந்தது என்று பிரசாந்தி சொன்னபோதுதான் அது நடந்தது. வேறொரு நாட்டில், இப்படியான ஒரு வீட்டில், காய்ச்சலுக்கு மருந்தென்று அன்போடு கொடுத்த குளிசை ஒரு மாணவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பையன் தப்பவில்லை. தகப்பனைப் பார்க்கப் போனவள் பிரசாந்தி.

“அவர் என்னட்டை ஒண்டுதான் கேட்டவர், அங்கிள். குடுத்த ஆக்களுக்கு அது ஒத்துவராதெண்டு தெரியாதோ எண்டு.”

லியோன் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

“நானும் குடுத்தனான்.”

லூர்த்தம்மா திரும்பினாள். அவளுக்கும் அது தெரியாது.

“வானுக்கை வச்சு. என்ரை நாரி நோவுக்கு, இடுப்புப் பிடிப்புக்கு வச்சிருந்த குளிசை. எனக்கு இங்கிலிசு வராது, நோவில அவளுக்குத் தமிழும் மறந்துபோச்சு. ஒத்துவருமோ எண்டு கேக்கேல்லை.” தலையை நிமிர்த்தினான். “ஆனால், பிள்ளை, அவளுக்கு எது ஒத்துவராதெண்டு உங்கடை பல்கலைக்கழகக் கந்தோருக்குத் தெரியும். சோறு போடுற எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?”

மாணவரின் உடல்நிலை அவருடைய சொந்த விஷயம், வீட்டாருக்குச் சொல்லச் சட்டம் விடாது என்று பிரசாந்தி தொடங்கினாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. முடிக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

மேலிடத்துக்கு அனுப்பவென்று மூன்று விஷயங்கள் எழுதினார்கள். மாணவர் சம்மதித்தால் ஒத்துக்கொள்ளாதவற்றை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். வீட்டாருக்கு முதலுதவி பழக்க வேண்டும். மூன்றாவது, அந்த வரிக்குப் பதிலாக இது: ‘வீட்டார் தாமாக மருந்து கொடுக்கமாட்டார்கள், தங்களால் இயன்ற கவனிப்புக்குப் பொறுப்பாவார்கள்.’ ‘பொறுப்பாவார்கள்’ என்ற கடைசிச் சொல்லுக்குத் தங்கள் சட்டத்தரணிகள் பயப்படுவார்கள் என்று பிரசாந்தி எச்சரித்தாள்.

“பயப்படட்டும்,” என்றான் லியோன். “நானும் இப்ப பயந்துபோய்த்தான் இருக்கிறன்.”

(தம்பி பயந்தான் என்ற வரியையும் வெட்டப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: மேலிடம் ஒப்புக்கொள்கிறது, லியோன் கையெழுத்து வைக்கிறான், லவீனா... மிகவும் இனிப்பு.

முடிவு இரண்டு: மேலிடம் மறுக்கிறது, லியோன் பழைய தாளை... இல்லை. என் கையால் இதை எழுதமாட்டேன்.

உண்மையில் பதில் இன்னும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். லியோன் மீன் வானில் ஓர் இருக்கையைப் பொருத்தி, அதற்கு இடுப்புப் பட்டியும் போட்டிருக்கிறான். எத்தனை முறை கழுவியும் மணம் போகவில்லை. இதையும் நான் வெட்டவில்லை.

அடுத்த மாதம் வரவிருக்கும் பெண் லவீனாவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள்: தனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதை வீட்டாரிடம் சொல்ல முடியுமா என்று. தன்னைப் பற்றித் தானே சொல்ல அவளுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. குருநகரில் இறால் இல்லாத அடுப்பா என்று லூர்த்தம்மா ஒருநாள் முழுக்கப் புறுபுறுத்தாள். மறுநாள் சந்தைக்குப் போய் இறால் படாத புதுச் சட்டி ஒன்று வாங்கிவந்து உயரத்தில் தனியாக வைத்தாள். அதைத் தொட லியோனுக்கும் அனுமதி இல்லை.

வாசகரே, சட்டி இருக்கிறது, இருக்கை இருக்கிறது, பேனா மேசையில் கிடக்கிறது. பதிலை நீங்கள் எழுதுங்கள். எப்படி முடித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த வீட்டுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று மட்டும் என்னிடம் எழுதி வாங்க வராதீர்கள்.