மஞ்சள் கழுவிய பாறை

அடி அண்ணாமலைக்கு மேற்கே, காட்டோரப் புறம்போக்கில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை தனியாக நின்றது. அதன் அடியில்தான் சந்திரம்மாள் தன் பதினோரு நாள் குழந்தையைப் புதைத்திருந்தாள். கல்லுடைப்பவர்கள் அந்தப் பக்கம் வரத் தொடங்கியதும் வெள்ளிதோறும் பாறைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மஞ்சள் பூசிய கல்லில் அவர்கள் உளி வைப்பதில்லை.

"ஊருக்கே தெரியாத சாமி, எதுடி அது?" என்று கேட்டான் கணவன் ஆதிமூலம்.

"உம் பொண்ணுதான். வேற யாரு?"



1982 ஆடியில் சாந்திகுமார் என்ற நிலவியல் அதிகாரி ஜீப்பில் வந்தார். பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெளிநாட்டுல இத்தாம்பெரிய கல்லை மலையிலேர்ந்து எறங்குற பனிக்கட்டி தள்ளிக்கினு வந்து காட்டுல வுட்டுட்டுப் போயிருக்கும்மா. அதைப் பாக்க பஸ்ல வர்றாங்க."

"இதையும் பனிதான் தள்ளிச்சா சார்?"

"இல்லம்மா, இது இங்கயே பொறந்தது. சுத்தியிருந்த மண்ணு கரைஞ்சுபோய் இது மட்டும் நின்னுடுச்சு. கோயிலுக்கு வர்றவங்க இதையும் பாக்கணும்னு எழுதப் போறேன். வேலி கட்டி போர்டு வச்சுட்டா ஒருத்தரும் தொட முடியாது."

"உடைக்க மாட்டாங்களா?"

"ஒரு சில்லுகூடப் பேர்க்க முடியாது. ஆனா மஞ்சள் ஜாஸ்தியா இருக்கு. கல்லோட வரி போட்டோவுல விழணும். கழுவிடறீங்களா? இனிமே பூசவும் வேணாம்."

ஏரியிலிருந்து எட்டுக் குடம் சுமந்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள்.

"குளிப்பாட்டற மாதிரியே இருக்குது சார்" என்று சிரித்தாள். அவர் படம் எடுத்துக்கொண்டு போனார்.

புரட்டாசி வந்தும் போர்டு வரவில்லை.

"ரெண்டு விரல் மஞ்சளாவது தொட்டு வையேன்டி" என்றான் ஆதிமூலம்.

"சார் வேணாம்னாரே. திரும்பி வந்து பாத்து, கோச்சிக்கினு எழுதாம வுட்டுட்டா?"

ஐப்பசியில் ஒரு காலை வெடிச் சத்தம் கேட்டு ஓடினாள். பாறை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. கல்லுடைப்பவர்களின் மேஸ்திரி சடையன் சம்மட்டியோடு நின்றான்.

"இன்னாய்யா பண்ணிட்டீங்க!"

"சர்க்கார்ல ஜல்லிக்கு ஏலம் வுட்டதும்மா. மஞ்சள் இருந்த வரைக்கும் ஒதுங்கித்தான் போனோம். இப்ப சுத்தமா தொடைச்சு வுட்டிருந்துச்சு. சாமியை வேற எடத்துக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்கன்னு நெனச்சோம்."

"நான்தான்யா கழுவுனேன்." உட்கார்ந்துவிட்டாள். "அடியில எம் பொண்ணு இருக்குது."

சடையன் சம்மட்டியைக் கீழே வைத்தான். "டேய், கடப்பாரை வேணாம். கையால எடுங்கடா."

அவனும் ஆட்களுமாக ஆறு பேரும் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி ஓரம் வைத்தார்கள். உச்சிப்பொழுதில் மண் தெரிந்தது. வெடியில் உழுதுபோட்டதுபோல் எங்கும் ஒரே மாதிரிக் கிளறிக் கிடந்தது.

"எந்த எடத்துலம்மா வச்சீங்க?"

"கல்லை ஒட்டித்தான் வச்சோம்." சந்திரம்மாள் எழுந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "கல்லே இல்லையே. எங்கன்னு காட்டறது?"